நிலம் திருத்துவோர் நலம்

தமிழகத்தின் தென்பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் தென்காசி. அதற்கு அணித்தே, அருவிகளால் புகழ்பெற்ற குற்றாலம் விளங்குகின்றது. பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றால அருவி ஆகியவற்றைக் காண ஆண்டுதோறும் மக்கள் திரண்டு வருவர். ஆனியும் ஆடியும் அங்கே சாரல் காலம். அப்பொழுது செங்கோட்டைக் கணவாயின் வழியே தென்மேற்குக் காற்று விரைந்து புகும். மெல்லிய மழைத்துளிகளை அள்ளித் தூவும். மலையிலே பிறக்கும் சிற்றாறு தென்காசி வட்டாரத்து வயல்களை வளப்படுத்திச் சென்று, சீவலப்பேரிக்கு அருகில் பொருநை ஆற்றுடன் கலக்கின்றது. திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாய் இருந்த இந்நாடு, 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தென்காசி என்னும் தனி மாவட்டமாயிற்று.

நீர்வளம் மிக்க இடத்தில் பயிர் மட்டுமா வளரும்? புதரும் வளரும். ஒரு பருவம் கவனியாது விட்ட தோப்பினுள் மறுபருவம் கால்வைக்க இயலாது. வாய்க்காலை நாணலும் கோரையும் அடைத்துக்கொள்ளும். மலையடிவாரத்தில் உண்ணிச்செடி பின்னிப் படர்ந்து வேலிபோல் நிற்கும். தென்காசிக்குக் கிழக்கே, மழை குறைந்த சமவெளியிலோ, குளத்தினுள்ளும் தரிசிலும் சீமைக்கருவேல மரம் மண்டிக் கிடக்கும். உண்ணிச்செடி, சீமைக்கருவேல் ஆகிய இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பெற்றவை. அழகுக்கென்று வந்தது ஒன்று. விறகுக்கென்று வந்தது மற்றொன்று. இரண்டும் வந்த வேலையோடு நில்லாமல் நாடெங்கும் பரவின. சீமைக்கருவேல மரங்களை அகற்றுமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. அயலினச் செடிகளை நீக்கிக் காடுகளைச் சீர்செய்வதற்கெனத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வகுத்தது. ஆகவே, புதர் நீக்கி நிலம் திருத்தும் வேலை இன்று உழவர்க்கும் கூலித் தொழிலாளர்க்கும் இடையறாத வேலையாய் உள்ளது.

இவ்வேலைக்கு வலிய தோளும் கூரிய அரிவாளும் போதும் என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து பிழையானது. மரம் வெட்டுதல் உலகின் இடர்மிக்க தொழில்களுள் ஒன்று. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, காட்டு வேலைக்கென்றே பாதுகாப்பு நெறிகளைத் தொகுத்து 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டது. இத்தொழிலில் இடர் மிகுந்திருப்பதற்குக் காரணம் யாது? இங்கே துன்பம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது புதருக்குள் மறைந்திருக்கும், மரத்தின் உள்ளே அடங்கியிருக்கும், தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருக்கும். ஆதலின், கை தொழிற்படும் முன்னர்க் கண் தொழிற்பட வேண்டும். நிலம் திருத்துவோர் நலத்துடன் வீடு திரும்ப வேண்டுமாயின், அவர்கள் கைக்கொள்ள வேண்டிய முதன்மையான நெறி இதுவே.

முதலில் எண்ண வேண்டுவது, வெட்டத்தான் வேண்டுமா என்பது. புதர் என்பது வேறு. மரம் என்பது வேறு. ஆற்றங்கரையிலும் மலைச்சரிவிலும் நிற்கும் மரங்களின் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அகற்றினால் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லும், சரிவும் தளரும். மலைப்பகுதி மரங்களைக் காப்பதற்கென்று 1955-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. பனைமரத்தை வெட்ட நேரின் மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. குற்றால மலையின் காப்புக் காடுகளிலோ வனத்துறையின் இசைவின்றி ஒரு கொம்பையும் ஒடித்தல் ஆகாது. எனவே, எதை நீக்குவது, எதை விடுவது என்பதை உரியவரிடம் கேட்டுத் தெளிந்து, விடவேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பால் அடையாளம் இடுதல் நன்று.

அடுத்து, நிலத்தைச் சுற்றி நடந்து நோக்குதல் வேண்டும். நெடுநாள் தரிசாய்க் கிடந்த நிலத்தில் கைவிடப்பட்ட கிணறு இருக்கக்கூடும். அதன் வாயைக் கொடிகள் மூடியிருக்கும். கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கும். புதரை வெட்டிக்கொண்டே முன்னேறுபவர் தாம் நிற்பது கிணற்றின் விளிம்பு என்பதை அறியார். ஆகவே, அவ்வூர் முதியோரை அழைத்துப் பழைய கிணறும் குழியும் எங்குள்ளன என்று கேட்டறிந்து, அவ்விடத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுதல் வேண்டும். புதரினுள் பழைய முள்கம்பியும் மறைந்திருக்கும். காட்டுப்பன்றியைத் தடுப்பதற்காகச் சிலர் சட்டத்திற்குப் புறம்பாக மின்கம்பி கட்டுவதும் உண்டு. தெரியாத கம்பி எதனையும் கையால் தொடுதல் கூடாது.

கீழே நோக்கியபின் மேலேயும் நோக்குதல் வேண்டும். மரக்கிளையில் மலைத்தேனீயின் கூடு தொங்கலாம். பொந்திலோ பனையின் மட்டையிடுக்கிலோ கடந்தை என்னும் பெருங்குளவி கூடு கட்டியிருக்கலாம். கோடரி மரத்தில் படும் அதிர்ச்சியே அவற்றைக் கிளப்பப் போதுமானது. பல குளவிகள் ஒருங்கே கொட்டினால் உயிருக்கே தீங்கு நேரும். அத்தகைய கூட்டைக் கண்டால் தீப்பந்தம் கொளுத்தி விரட்ட முனையாமல், தீயணைப்பு நிலையத்திற்குச் செய்தி சொல்ல வேண்டும். பயிற்சி பெற்ற வீரர்கள் வந்து அதனை அகற்றுவர்.

இனி, உடையும் கருவியும் பற்றிக் காண்போம். முழுக்கைச் சட்டை, கணுக்கால்வரை மறைக்கும் உடை, தடித்த அடியுள்ள காலணி, தோல் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி ஆகியவை இன்றியமையாதவை. சீமைக்கருவேல முள் மெல்லிய செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறும். முள் தைத்த சிறு காயந்தானே என்று புறக்கணித்தால், ஆழத்தில் சீழ் பிடிக்கும். டெட்டனஸ் என்னும் கொடிய இசிவு நோயும் வரக்கூடும். ஆதலின், காயத்தைச் சோப்பு நீரால் கழுவி, மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி வேண்டுமா எனக் கேட்டறிதல் வேண்டும்.

சில செடிகள் முள்ளின்றியே துன்பம் தரும். திருகுகள்ளியின் பாலும் எருக்கம்பாலும் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு நேரலாம். சேங்கொட்டை மரத்தின் சாறு பட்ட இடம் கொப்புளிக்கும். பூனைக்காலிக் காயின் சுணை உடம்பெல்லாம் தினவெடுக்கச் செய்யும். பார்த்தீனியம் சிலருக்குத் தோல்நோயும் மூச்சுத் திணறலும் உண்டாக்கும். இவற்றை வெட்டிய கையால் கண்ணைக் கசக்குதல் ஆகாது. பால் தெறித்துவிடின் தூய நீரால் கண்ணை நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரை நாடவேண்டும்.

புதர் வெட்டும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நீண்ட கம்பினால் புதரைத் தட்டி ஓசை எழுப்பிச் சிறிது நேரம் காத்திருத்தல் வேண்டும். அங்கே படுத்திருக்கும் பாம்பு பெரும்பாலும் தானே விலகிச் சென்றுவிடும். முள்கிளையைக் கையால் பற்றாமல் கவைக்கம்பினால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும். அரிவாள் தன் காலை நோக்கி வாராமல் புறத்தே செல்லுமாறு வீசவேண்டும். இருவர் நெருங்கி நின்று வெட்டலாகாது. ஒருவர் கையின் நீளமும் அவர் கருவியின் நீளமும் சேர்ந்து எவ்வளவு தொலைவு எட்டுமோ, அதனினும் மிகுதியான இடைவெளி வேண்டும்; மூன்று மீட்டருக்குக் குறைதல் கூடாது. காம்பு தளர்ந்த கோடரி பகைவனுக்கு நிகர். வீசும்பொழுது அதன் தலை கழன்று பறக்கும். ஆகவே, ஒவ்வொரு நாளும் காம்பையும் ஆப்பையும் சோதித்த பின்னரே வேலை தொடங்க வேண்டும். முனை மழுங்கிய கருவியும் தீங்கானதே. அது மரத்தில் பதியாமல் வழுக்கி, வெட்டுபவர் காலைத் தேடி வரும்.

சீமைக்கருவேல் இளங்கன்றாய் இருக்கும்பொழுது மண் ஈரமாயிருந்தால் எளிதில் வேரோடு வந்துவிடும். முற்றியபின் வெட்டினாலோ அடிமரத்திலிருந்து மீண்டும் தழைக்கும். வேரையும் அகழ்ந்தெடுக்க வேண்டியிருக்கும். முதிர்ந்த முள்மரம் களைவோர்க்குத் தரும் துன்பத்தைத் திருவள்ளுவரும் அறிந்திருந்தார். பகையைப் பற்றிக் கூறுமிடத்து அதனையே உவமையாக எடுத்தாண்டார். ஆண்டுதோறும் சிறு கன்றுகளை நீக்கிவந்தால், பெருமரத்தோடு போராடும் இடரே நேராது.

பெருமரத்தை வீழ்த்துதல் பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய வேலை. மாணவர்கள் அதில் இறங்குதல் கூடாது. ஆயினும், அதன் நுட்பத்தை அறிந்திருத்தல் நன்று. அறிந்தவரே எங்கே நிற்கலாம், எங்கே நிற்கலாகாது என்பதை உணர்வர். தேர்ந்த தொழிலாளி முதலில் மரம் எப்பக்கம் சாய்ந்துள்ளது, கிளைகளின் பாரம் எப்பக்கம் மிகுதி, காற்று எங்கிருந்து வீசுகின்றது என்பவற்றை நோக்குவார். காய்ந்த கிளை மேலே தொங்குகின்றதா, அடிமரம் உள்ளே பொந்தாய் உள்ளதா, கொடிகள் இம்மரத்தை அடுத்த மரத்தோடு பிணைத்துள்ளனவா என்றும் ஆராய்வார். கொடி பிணைத்திருப்பின், விழும் மரம் அடுத்த மரத்தின் கிளையையும் முறித்து இழுத்துவரும். சாரல் காலத்தில் குற்றாலப் பகுதியில் காற்று திடீரென வலுக்கும், பட்டையும் வழுக்கும். அத்தகைய நாளில் மரம் வீழ்த்துவதைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

பின்னர் அவர், மரம் விழவேண்டிய பக்கத்தில் அடிமரத்தின் குறுக்களவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆழத்திற்கு ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டுவார். அதற்கு எதிர்ப்பக்கத்தில், அவ்வாயினும் சற்று உயரத்தில், ரம்பத்தால் அறுத்து வருவார். இரண்டு வெட்டுகளும் ஒன்றையொன்று தொடுமாறு அறுத்தல் பெரும்பிழை. நடுவே குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ, அப்படியே விழும் மரத்திற்கு இப்பகுதி. இதுவே மரத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மெல்லச் சாய்க்கின்றது. இதனையும் அறுத்துவிட்டால் மரம் எப்பக்கம் விழும் என்று எவராலும் கூற இயலாது.

மரம் விழத் தொடங்கியதும் வெட்டியவர் விலகிச் செல்லவேண்டும். அதற்கென விழும் திசைக்கு எதிரே, இடமும் வலமுமாய்ச் சாய்வாக இரண்டு வழிகளை முன்னரே திருத்தி வைத்தல் வேண்டும். மரத்திற்கு நேர் பின்னே ஓடுதல் ஆகாது. அடிமரம் பின்னோக்கி உதைத்தெழுவது உண்டு. பிறர் அனைவரும் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவிற்கு அப்பால் நிற்க வேண்டும். மரம் பதினைந்து மீட்டர் உயரமாயின், முப்பது மீட்டர் விலகி நிற்பதே முறை. வேடிக்கை பார்க்கும் சிறுவர்கள் இவ்விதியை மறத்தல் கூடாது. விழுந்த மரம் வேறொரு மரத்தில் சிக்கிக்கொண்டால், அதன்கீழ் ஒருவரும் செல்லலாகாது. தொலைவிலிருந்து வடம் கட்டியோ பொறியின் உதவியாலோ இழுத்து வீழ்த்த வேண்டும்.

விழுந்தபின்னும் மரம் ஓய்ந்துவிட்டதாக எண்ணுதல் தவறு. வளைந்து கிடக்கும் கிளையின் ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் அழுந்தியும் இருக்கும். நாணேற்றிய வில்லைப்போல் அது ஆற்றலைத் தன்னுள் அடக்கி வைத்துள்ளது. வளைவை நோக்காமல் வெட்டினால் கிளை விசையுடன் நிமிர்ந்து முகத்தில் அறையும். சரிவில் கிடக்கும் மரத்தைத் துண்டாக்குபவர் மேட்டுப்பக்கமே நிற்க வேண்டும். பள்ளத்தில் நின்றால் துண்டு அவர்மேல் உருளும். மலைச்சரிவில் ஒருவருக்குமேல் ஒருவராய் நின்று வேலை செய்தலும் அதே காரணத்தால் விலக்கத்தக்கது.

இக்காலத்தில் கோடரிக்கு மாறாகச் சங்கிலி ரம்பம் மிகுதியாய்ப் பயன்படுகின்றது. அது வேலையை விரைவுபடுத்துவது போலவே இடரையும் விரைவுபடுத்துகின்றது. அதன் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், ரம்பம் இமைப்பொழுதில் பிடித்திருப்பவரை நோக்கித் துள்ளித் திரும்பும். ஆகவே, அதனை எப்பொழுதும் இரு கைகளாலும் பற்றவேண்டும். தோளுக்குமேல் உயர்த்துதல் கூடாது. தலைக்கவசமும், காதுக்கும் காலுக்கும் உரிய காப்பும் அணிதல் வேண்டும். பொறியை நிறுத்தி, அது ஆறிய பின்னரே எரிநெய் ஊற்ற வேண்டும்.

மின்கம்பிக்கு அருகில் உள்ள மரத்தைப் பொறுத்தவரை விதி ஒன்றே: மின்வாரியத்திற்கு அறிவித்து, மின்னோட்டம் நிறுத்தப்பட்ட பின்னரே வெட்டவேண்டும். பச்சைமரத்தின் வழியே மின்சாரம் பாயும். கம்பியின்மேல் விழுந்த கிளையைக் கழியால் தள்ள முயன்று உயிரிழந்தோர் உண்டு. கம்பி அறுந்து தரையில் கிடந்தால் பத்து மீட்டருக்கு அப்பாலே நின்று பிறரையும் தடுக்க வேண்டும்.

வெட்டிய புதரை எரித்துவிடுதல் எளிய வழியாய்த் தோன்றும். அதனினும் தீய வழி வேறில்லை. மாசி முதல் வைகாசி வரை மலையடிவாரத்தில் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். உலர்ந்த உண்ணிச்செடி எளிதில் பற்றிக்கொள்ளும். சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும் இயல்புடையது. கீழே எரியும் அனல் மேலே உள்ளவற்றை முன்னரே உலர்த்திச் சூடேற்றிவிடும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயினும் விரைந்து மேட்டில் ஓடுதல் மனிதர்க்கு அரிது என்பதை அத்துயர நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது. நோயற்ற, விதையற்ற தழைகளைக் குழியில் இட்டு மக்கவைத்தால் அவை எருவாகும். தடித்த கட்டைகள் விறகாகும். எரித்தால் சாம்பல் மட்டுமே மிஞ்சும்.

தீயைப்போலவே நீரும் முன்னறிவிப்பின்றி வரும். சிற்றாற்றின் கரையிலும் ஓடைகளிலும் புதர் நீக்குவோர், தம் தலைக்குமேல் வானம் தெளிந்திருப்பதை நம்பலாகாது. மலைமேல் முகில் திரண்டிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். மேலே பெய்த மழை சிறிது நேரத்தில் கீழே வெள்ளமாய்ப் பாயும். 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகியது. குளித்துக்கொண்டிருந்தோர் சிதறி ஓடினர். இளைஞர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். நீர் கலங்கி வருதலும், சருகும் கட்டையும் மிதந்து வருதலும், இரைச்சல் மிகுதலும் வெள்ளத்தின் அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் கருவிகளை எடுக்கத் திரும்பாமல் மேட்டிற்கு ஏறிவிட வேண்டும்.

எவ்வளவு விழிப்பாய் இருப்பினும் சில வேளைகளில் தீங்கு நேரலாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நம் நாட்டில் பெருந்தீங்கு விளைப்பவை. இவற்றின் நஞ்சுக்கு முறிமருந்து உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978-ஆம் ஆண்டில் தோன்றி, அம்மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தந்து வருகின்றது. பாம்பு கடித்தவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட உறுப்பு அசையாதவாறு மட்டைவைத்துக் கட்டி, மோதிரம், கொலுசு முதலியவற்றைக் கழற்றி, அரசு மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஊர்தி வரும். கடிவாயைக் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் பழைய பிழைகள். அவை தீங்கையே பெருக்கும்.

பாம்பைக் கண்டு அஞ்சுவோரும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுயிரை எண்ணுவதில்லை. புதரில் வாழும் மிகச் சிறிய சிற்றுண்ணியின் இளம்பருவம் மனிதரைக் கடித்தால் உண்ணிக் காய்ச்சல் உண்டாகும். கடித்தது அப்பொழுது தெரியாது. ஏறத்தாழ பத்து நாள் சென்றபின் கடுங்காய்ச்சலும் தலைவலியும் தோன்றும். கடித்த இடத்தில் சிலர்க்குக் கருமையான பொருக்கு காணப்படும். காலத்தே கண்டறிந்தால் இதனை மருந்தால் எளிதில் மாற்றலாம். காலந்தாழ்த்தினால் உயிருக்கு இடராகும். ஆகவே, வேலை முடிந்ததும் குளித்து உடைகளைத் துவைத்தல் வேண்டும். பின்னர்க் காய்ச்சல் வந்தால், ‘யான் புதர் வெட்டும் வேலைக்குச் சென்றிருந்தேன்’ என்று மருத்துவரிடம் சொல்ல மறத்தல் கூடாது. அவ்வொரு சொல்லே உயிர்காக்கும் குறிப்பாக அமையும்.

இந்நெறிகளுள் பல செலவு மிக்கவை அல்ல. நிலத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்ப்பதற்குப் பணம் வேண்டா; விலகி நிற்பதற்கும் காற்று ஓயும்வரை காத்திருப்பதற்கும் பணம் வேண்டா. கையுறையும் காலணியும் விலைக்கு வாங்க வேண்டியவைதாம். ஆனால் அவற்றை நாட்கூலி பெறும் ஏழையின் தலையில் சுமத்துதல் முறையன்று. வேலை வாங்குவோரே அவற்றை அளித்தல் கடமை. தனி ஆளாக ஒருவரையும் புதர்க்காட்டிற்கு அனுப்பாதிருத்தலும், குடிநீரும் நிழலும் அளித்தலும், வெயில் முற்றும் நண்பகலில் ஓய்வு தருதலும் அவர்தம் கடமையே. ‘இன்று மாலைக்குள் முடிந்தாக வேண்டும்’ என்று நெருக்குவோர், தொழிலாளியின் கண்ணைக் கட்டிவிட்டுக் கையை மட்டும் ஏவுகின்றனர்.

மாணவர்களே! உங்களுள் பலர் உழவர் குடியிற் பிறந்தவர்கள். உங்கள் பெற்றோர் அரிவாள் எடுத்துப் புறப்படும்பொழுது, நிலத்தில் பழைய கிணறு உண்டா, மரத்தில் கூடு உண்டா, மலைமேல் முகில் உண்டா என்று கேளுங்கள். நெல் விளைய நிலம் திருந்த வேண்டும். அந்நெல்லை உண்பதற்கு, நிலம் திருத்தியவர் நலமாய் வீடு வந்து சேரவும் வேண்டும்.